நடந்தால்தான் வழி!

ஒரு மைல் தூரம்தான். ஆனால் நடந்து போக முடியாது!

இந்தக் கிராமத்தில் வீடு. அடுத்த கிராமத்தில் பள்ளிக்கூடம். நடந்தால் இருபது நிமிடம். பிள்ளைக்கும் நடக்க ஆசை. ஆனாலும் அப்பாவோ அம்மாவோ காரில்தான் கொண்டு போய் விடுகிறார்கள்.

என்ன காரணம்?

நடுவே உள்ள ரோடுதான் காரணம்! குறுகலான ரோடு. இரண்டு பக்கமும் கல் சுவர், அல்லது முள் வேலி. நடைபாதை கிடையாது. ஒதுங்கி நிற்கக்கூட இடம் இல்லை. இப்படிப்பட்ட ரோட்டிலும், தனியாகப் பலகை வைத்துத் தடுக்காவிட்டால், மணிக்கு 60 மைல் வேகத்தில் கார் ஓட்டலாம். லாரியும் வருகிறது. டிராக்டரும் வருகிறது.

அந்த ரோட்டில் எந்தத் தாய் தன் பிள்ளையைத் தனியே அனுப்புவாள்?

இது ஸ்காட்லாந்தில் பல கிராமங்களின் கதை.

ஸ்காட்லாந்து பிரிட்டனின் வடபகுதி. மலையும் ஏரியும் நிறைந்த நாடு. பல தேசங்களில் இருந்து ஜனங்கள் அங்கே நடப்பதற்காகவே வருகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில், பக்கத்துக் கிராமத்துக்கு நடந்து போக வழி இல்லையா?

பல இடங்களில் வழி உண்டு. ஆனால் அது மறைந்து கிடக்கிறது. வயல் ஓரத்தில், ஆற்றங்கரையில், காட்டுக்குள் புல் மூடிக் கிடக்கிறது. அதைத் தேடி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அது போயே போய்விடும்!

கால் போட்ட பாதை

ரோடு வருவதற்கு முன்பே மனிதன் நடந்தான். காலால் நடந்து நடந்தே பாதை போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போக ஒரு பாதை. சந்தைக்குப் போக ஒரு பாதை. தானியம் அரைக்கப் போக ஒரு பாதை. "என் ஆலையில்தான் அரைக்க வேண்டும்" என்று நிலப் பிரபுக்கள் குடியானவர்களைக் கட்டி வைத்திருந்த காலம் அது. ஆகையால் சுற்றி உள்ள கிராமங்களில் இருந்து எல்லாம் ஆலைக்குப் பாதை போயிற்று.

இறந்தவர்களுக்கும் ஒரு பாதை இருந்தது!

ஸ்காட்லாந்தின் மேற்கே ஹாரிஸ் என்று ஒரு தீவு. அதன் கிழக்குக் கரை முழுவதும் பாறை. குழி தோண்ட மண் இல்லை. அங்கே யாராவது இறந்தால், உடலைத் தூக்கிக்கொண்டு மலையைக் கடந்து மேற்குக் கரைக்குப் போவார்கள். அங்கேதான் மண் உண்டு. அங்கே அடக்கம் செய்வார்கள். உடல் போன அந்த வழிக்குச் "சவப்பெட்டிப் பாதை" என்று பெயர். இன்றும் அதில் நடக்கலாம்.

மாடுகளும் பாதை போட்டன. மலை நாட்டில் வளர்த்த மாடுகளைக் கூட்டம் கூட்டமாகத் தெற்கே ஓட்டி வந்தார்கள். கிரீஃப், பால்கிர்க் ஆகிய ஊர்களில் பெரிய மாட்டுச் சந்தை கூடியது. ஸ்கை தீவின் மாடுகள் கடலையே நீந்திக் கடந்தன! சந்தையில் விற்ற பிறகு இங்கிலாந்துக்கு நடந்த மாடுகளுக்கு, கால் தேயாமல் இருக்க லாடம் அடித்தார்கள்.

ரெயில் வந்தது. மாடு நடப்பது நின்றது. கார் வந்தது. மனிதன் நடப்பதும் குறைந்தது. பாதையில் புல் முளைத்தது.

சுவர் ஏறிக் குதித்த பேராசிரியர்

பாதையைப் புல் மட்டுமா மூடியது? பணக்காரர்களும் மூடினார்கள்!

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஸ்காட்லாந்து மலைகளைப் பிரபுக்கள் மான் வேட்டைக் காடுகளாக மாற்றினார்கள். மனிதன் நடந்தால் மான் ஓடிவிடும். ஆகையால், "இங்கே யாரும் வரக்கூடாது" என்றார்கள்.

1847-ம் ஆண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பால்ஃபோர் என்று ஒரு தாவரவியல் பேராசிரியர். மாணவர்களை அழைத்துக்கொண்டு செடி கொடிகளைப் பார்க்க கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கு வழியாக வந்தார். அது பல தலைமுறையாக ஜனங்கள் நடந்த வழி.

அதோல் பிரபு தன் ஆட்களுடன் வந்து மறித்தார். "இது என் நிலம். வந்த வழியே திரும்பிப் போ!" என்றார். "இது பொது வழி. போகத்தான் போவோம்" என்றார் பேராசிரியர். வாக்குவாதம் முற்றியது. கடைசியில் பேராசிரியரும் மாணவர்களும் சுவர் ஏறிக் குதித்து, ஊரைப் பார்த்து ஓட்டம் பிடித்தார்கள்!

நாடே சிரித்தது. ஆனால் விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. கோர்ட்டுக்குப் போயிற்று. வழக்கை நடத்தியவர்கள் எடின்பரோவில் 1845-ல் தொடங்கப்பட்ட ஒரு சங்கத்தார். பொது வழிகளைக் காப்பதற்காகவே ஏற்பட்ட சங்கம் அது. இன்றும் அந்தச் சங்கம் இருக்கிறது. கிளென் டில்ட் வழியும் திறந்தே இருக்கிறது.

இடையர் சொன்ன சாட்சி

இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். இது அதைவிடப் பெரியது.

பிரேமார் என்ற ஊரில் இருந்து மலையைத் தாண்டி, கிளென் டால் என்ற பள்ளத்தாக்குக்கு ஒரு வழி உண்டு. "ஜாக் பாதை" என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவில் பணம் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் அந்தப் பள்ளத்தாக்கை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் வழியை மூடினார்.

சங்கம் வழக்குப் போட்டது. வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போயிற்று. அந்தக் காலத்தில் பிரிட்டனுக்கு அதுதான் கடைசி கோர்ட்டு.

கோர்ட்டில் யார் சாட்சி சொன்னார்கள் தெரியுமா? படித்தவர்கள் அல்ல, பட்டம் பெற்றவர்கள் அல்ல. ஆடு மேய்த்த கிழவர்கள்! "இந்த வழியாகத்தான் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டினோம்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

1888-ல் தீர்ப்பு வந்தது. இடையர்களின் வார்த்தை வென்றது. பணக்காரரின் வேலி தோற்றது!

இதில் ஒரு பாடம் இருக்கிறது. வழியைக் காப்பாற்றியது பத்திரம் அல்ல. கல்வெட்டு அல்ல. நடந்தவனின் கால்தான் அதைக் காப்பாற்றியது.

2003-ம் ஆண்டுச் சட்டம்

இன்றைக்கு ஸ்காட்லாந்தில் அந்த மாதிரிச் சண்டை குறைவு. அதற்குக் காரணம் ஒரு சட்டம்.

2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. நடக்கும் உரிமை பற்றிய அதன் பகுதி 2005 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. அதன்படி, நாட்டின் பெரும்பகுதி நிலத்தில் யாரும் நடக்கலாம். நிலம் பிரபுவுடையதாக இருக்கலாம், சர்க்காருடையதாக இருக்கலாம். நடக்கலாம்! சைக்கிளில் போகலாம். குதிரையில் போகலாம். இரவிலும் போகலாம்.

ஒரே நிபந்தனை: பொறுப்போடு நடக்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் நுழையக்கூடாது. பயிர் நிற்கும் வயலை மிதிக்கக்கூடாது. வரப்பு ஓரமாகப் போகலாம். பள்ளிக்கூட மைதானத்துக்குள் போகக்கூடாது.

நிலக்காரர் வேண்டுமென்றே வழியை மறிக்கக்கூடாது. மறித்தால் கவுன்சில் நடவடிக்கை எடுக்கலாம். ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியில் முக்கியமான பாதைகளைக் குறித்துப் படம் போட வேண்டும் என்றும் சட்டம் சொல்லிற்று. போட்டார்கள். நாடு முழுவதும் சேர்த்தால் அந்தப் பாதைகள் 12 ஆயிரம் மைலுக்கு மேல் வருகின்றன.

இங்கிலாந்திலும் இவ்வளவு உரிமை இல்லை. உலகத்தில் இப்படிப்பட்ட சட்டம் உள்ள நாடுகள் சிலவே.

சட்டம் பாதை போடுமா?

சட்டம் நல்ல சட்டம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சட்டம் "நீ போகலாம்" என்றுதான் சொல்லும். ஓடையில் பாலம் போடுமா? முள்ளை வெட்டுமா? சேற்றில் கல் பரப்புமா?

ஒரு வாலிபன் முள்கம்பியைத் தாண்டிப் போய்விடுவான். ஒரு பாட்டி எப்படித் தாண்டுவாள்? கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் தாய் என்ன செய்வாள்? அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பாதை இல்லை!

பூட்டுப் போடுகிறவர்களும் ஒழிந்துவிடவில்லை. லோக் ஆர்டு என்ற ஏரியின் பக்கத்தில் ஒரு எஸ்டேட். அங்கே வாயிற்கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. "காட்டுப் பன்றி! ஆபத்து!" என்று பலகையும் தொங்கியது. தேசியப் பூங்கா அதிகாரிகள், "பூட்டைத் திற, பலகையை எடு" என்று நோட்டீசு கொடுத்தார்கள். எஸ்டேட்டு மறுத்தது. வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது. 2018-ல் ஸ்காட்லாந்தின் உயர்ந்த சிவில் கோர்ட்டு அதிகாரிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு நல்லதுதான். ஆனால் ஒரு பூட்டைத் திறக்க எத்தனை வருஷம்!

20 வருஷக் கணக்கு

புதிய சட்டம் வந்தாலும் பழைய "வழி உரிமை" ஒழிந்துவிடவில்லை. அது தனியாக இருக்கிறது. அதன் கணக்கு சுவாரசியமானது.

ஒரு பொது இடத்தில் இருந்து இன்னொரு பொது இடத்துக்கு ஒரு வழி. அதில் ஜனங்கள் 20 வருஷம் இடைவிடாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், பகிரங்கமாக நடந்தால் அது பொது வழி ஆகிவிடும்.

அதே சமயம், 20 வருஷம் ஒருவரும் நடக்காவிட்டால் அந்த உரிமை அழிந்துவிடும்!

"அழிந்தால் என்ன? 2003-ம் ஆண்டுச் சட்டம்தான் இருக்கிறதே" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அந்தச் சட்டம் வீட்டு முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் செல்லாது. பழைய பாதைகளோ பல இடங்களில் பண்ணை முற்றத்தின் ஊடேதான் போகின்றன. அங்கே நடப்பவனைக் காப்பாற்றுவது பழைய வழி உரிமை. அது போனால், நடுவே ஒரு துண்டு அறுந்துவிடும். நடுவே அறுந்த கயிறு எதற்கு உதவும்?

எப்படித் தேடுவது?

மறைந்த வழியைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியது இல்லை. பொறுமை போதும்.

முதலில், கவுன்சில் போட்ட பாதைப் படத்தைப் பார்க்க வேண்டும். அந்த வழி அதிலேயே இருந்தாலும் இருக்கலாம்.

அடுத்து, சர்வே படம். இரண்டரை அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற கணக்கில் போட்ட படத்தில் ஒவ்வொரு சுவரும் வேலியும் தெரியும். எந்தப் பக்கம் நடந்தால் சுவர் குறுக்கே வராது என்று அறியலாம். ஒன்றை மறக்கக்கூடாது. இங்கிலாந்தில் அந்தப் படத்தில் பொது வழிகளைப் பச்சைக் கோடாகக் காட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தில் அப்படிக் கிடையாது. கோடு இல்லை என்பதால் வழி இல்லை என்று நினைத்துவிடக்கூடாது!

மூன்றாவது, பழைய படம். எடின்பரோவில் உள்ள தேசிய நூல்நிலையம் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய சர்வே படங்களை இண்டர்நெட்டில் போட்டிருக்கிறது. காசு இல்லாமல் பார்க்கலாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காணாமல் போன பாதை கண்ணுக்குத் தெரியும். பழைய தேவாலயம் எங்கே, பழைய ஆலை எங்கே என்று பார்த்தால், பாதை எங்கே போயிருக்கும் என்பதும் புரியும்.

நான்காவது, கிழவர்களைக் கேட்க வேண்டும். "தாத்தா, நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். படத்தில் இல்லாத வழி எல்லாம் அவர் வாயில் இருந்து வரும். 1888-ல் வழக்கை ஜெயித்தது அப்படிப்பட்ட கிழவர்களின் ஞாபகம் அல்லவா? அவர் போய்விட்டால் வழியும் அவரோடு போய்விடும்.

கடைசியாக, கால். காலால் போய்ப் பார்க்காமல் எந்த வழியும் வழி ஆகாது. எங்கே கதவு பூட்டி இருக்கிறது, எங்கே பாலம் இல்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறித்ததைக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இதற்கென ஒரு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பவர்களும் நிலக்காரர்களும் அதில் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்.

விவசாயி பக்கமும் நியாயம் உண்டு

நிலக்காரர் எல்லாம் கெட்டவர் என்று சொல்லிவிடக்கூடாது. நிலத்தை நம்பிப் பிழைக்கும் விவசாயி வேறு. வேட்டைக்காக மலையை வாங்கும் பணக்காரர் வேறு.

ஒருவன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறான். ஆடுகள் எல்லாம் ரோட்டுக்கு ஓடிவிடுகின்றன. நஷ்டம் யாருக்கு? விவசாயிக்கு.

வசந்த காலத்தில் ஆடுகள் குட்டி போடும். அப்போது ஒரு நாய் துரத்தினால், சினை ஆடு குட்டியை இழந்துவிடும். நாயின் மலத்தால் மாட்டுக்கு நோய் வந்து கன்று கலைவதும் உண்டு.

ஆகையால் நடப்பவருக்கும் கடமை உண்டு. கதவு மூடி இருந்தால் மூட வேண்டும். திறந்து இருந்தால் திறந்தபடி விட வேண்டும். ஆட்டுக்குட்டி இருக்கும் இடத்தில் நாயைக் கொண்டு போகக்கூடாது. கன்றோடு நிற்கும் பசுவிடம் நெருங்கக்கூடாது. அது முட்டித் தள்ளிவிடும்.

நல்ல பாதை விவசாயிக்கும் நல்லது. வழி எது என்று தெரிந்தால் ஜனங்கள் அந்த வழியே போவார்கள். தெரியாவிட்டால் வயல் முழுவதும் சுற்றுவார்கள்!

96 மைலும் ஒரு மைலும்

ஸ்காட்லாந்தில் புகழ்பெற்ற நடைபாதை ஒன்று இருக்கிறது. மில்கை என்ற ஊரில் இருந்து போர்ட் வில்லியம் வரை 96 மைல். 1980-ல் திறந்தார்கள். அதில் நடக்க வெளிநாட்டார் ஏராளமாக வருகிறார்கள். தங்குகிறார்கள். சாப்பிடுகிறார்கள். ஊருக்கு வருமானம்.

வரட்டும், நல்லதுதான்.

ஆனால் 96 மைல் நடக்க வருகிற விருந்தாளிக்குப் பாதை இருக்கிறது. ஒரு மைல் நடந்து பள்ளிக்கூடம் போக வேண்டிய உள்ளூர்ப் பிள்ளைக்குப் பல இடங்களில் பாதை இல்லை. இது என்ன நியாயம்?

கவுன்சில்களிடம் பணம் குறைவு. அது உண்மை. பணம் குறைவாக இருந்தால், எதை முதலில் செய்வது என்று யோசிக்க வேண்டும். கிராமத்தையும் கிராமத்தையும் இணைக்கும் சிறிய பாதைக்கே முதல் இடம் தர வேண்டும். அதில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். கார் ஓட்டாத கிழவர் டாக்டரைப் பார்க்கப் போவார். பஸ் தவறிவிட்டால் வீட்டுக்கு நடந்து வரலாம்.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. அபர்டீனில் இருந்து பல்லாட்டருக்கு டீ நதிக் கரை ஓரமாக ஒரு ரெயில் பாதை இருந்தது. 1966-ல் ரெயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அது புதர் மண்டிப் போயிருக்கலாம். ஆனால் அப்படி விட்டுவிடவில்லை. பெரும்பாலும் அந்தப் பழைய ரெயில் தடத்திலேயே, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் பாதை அமைத்தார்கள். 41 மைல் தூரம்! பான்கரி, அபாய்ன் என்று ஊர் ஊராக அது போகிறது. கார் பயம் இல்லை.

ரெயில் போன இடத்தில் பாதை வந்தது. மாடு போன இடத்திலும், பிணம் போன இடத்திலும், மூட்டை தூக்கி ஆலைக்குப் போன இடத்திலும் பாதை திரும்ப வராதா? வரும். ஆனால் தானாக வராது.

சட்டம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. இனி கவுன்சில் பாலம் போட வேண்டும். நிலக்காரர் பூட்டை எடுக்க வேண்டும். கிராமத்தார் நடக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாத்தாவும் ஒரு பேரனும் அந்தப் பழைய வழியில் நடக்கட்டும். தாத்தா வழி காட்டட்டும். அடுத்த வாரம் நாலு பேர் நடப்பார்கள். அடுத்த வருஷம் புல் தேய்ந்துவிடும். மண் தெரியும். மண் தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் வழி கேட்க வேண்டியது இல்லை!